சத்தி வரைக்கும் போலாமுங்களா

"பொண்ணு பேரு என்னங்க மாமி?" என்று கேட்டாள் ஹுமேரா.

கிளினிக்கில் கிடைத்த ஒரே காலி நாற்காலியில் மருமகளை உட்கார வைத்துவிட்டு, சுவரோரம் நின்று புர்காவின் கழுத்தைத் தளர்த்திக்கொண்டிருந்த சாயிரா பானுவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"எந்தப் பொண்ணு?"

"நல்லாக் கேட்டீங்க. என்ற தம்பிக்குப் பேசி முடிச்சிருக்கிற பொண்ணு. நாளைக்கு நிச்சயம்னு காலையில நீங்கதானுங்க சொன்னீங்க."

"ஓ, அதா. ஷைமா."

"எந்த ஊரு?"

"கோபி."

"கோபியில யாரு ஊட்டுப் பொண்ணு?"

"அதெல்லாம் உங்கத்தாவுக்குத்தான் தெரியும். போன்ல சொன்னதுல பாதி எனக்குக் காதுல விழுகல கண்ணு."

"என்ன படிச்சிருக்காளாம்?"

"பி.ஃபார்ம்."

ஷைமா என்று ஒரு பெண் கோபிச்செட்டிபாளையத்தில் இல்லை. வேறு எங்கும் இல்லை. பி.ஃபார்ம் படிப்பு எதிர்ச் சுவரில் தொங்கிய ஏதோ ஒரு கல்லூரியின் காலண்டரிலிருந்து வந்தது. சாயிரா பானுவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவர்கள் சொல்லும் பொய்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வளர்ந்துகொண்டே போகும்.

காலையில் நடந்தது இதுதான். விடியத் தொழுது முடித்துப் பாயை மடித்துக்கொண்டிருந்தபோது சத்தியமங்கலத்திலிருந்து போன் வந்தது. பேசியது ஹுமேராவின் தம்பி சுஃப்யான்.

"மாமி, அத்தாவை ஆஸ்பத்திரியில இருந்து ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டோமுங்க."

"அல்ஹம்துலில்லாஹ். நல்லாயிட்டாரா?"

"இல்லீங் மாமி. இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, ஊட்டுல வெச்சுப் பார்த்துக்குங்கன்னு அனுப்பிட்டாங்க. இன்னைக்குத் தாண்டறதே சிரமமாமுங்க. ஹுமேரா, ஹுமேரான்னுட்டே இருக்காரு."

தகப்பன் ரசாக் நெஞ்சு வலியென்று போன வாரமே ஆஸ்பத்திரியில் சேர்ந்தது ஹுமேராவுக்குத் தெரியாது. வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போயிருக்கிறார், அங்கே டவர் கிடைப்பதில்லை என்று இரண்டு வீட்டாரும் ஒரே மாதிரி சொல்லி வைத்திருந்தார்கள். மாசமாக இருப்பவள் காதில் சாவுச் சேதியும் சீக்குச் சேதியும் விழக்கூடாது என்பது அவர்கள் குடியிருக்கும் கோட்டைமேட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லாத சங்கதி. அது போதாதென்று, ஆறாம் மாசம் ஹுமேராவுக்குக் கொஞ்சம் ரத்தம் பட்டபோது டாக்டரம்மாவே சொல்லியிருந்தார்: "நஞ்சுக்கொடி கீழ இறங்கியிருக்கு. ஓய்வா இருக்கட்டும். அதிர்ச்சி எதுவும் ஆகாமப் பார்த்துக்குங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கதவோரம் ஹுமேரா நிற்கிறாள். "ஏனுங்க மாமி அழுகறீங்க?" என்கிறாள். சாயிரா பானுவின் வாய் அவளைக் கேட்காமலே பேசியது: "சந்தோசத்துலதான் கண்ணு. சுஃப்யானுக்குப் பொண்ணு அமைஞ்சிருச்சு. நாளைக்கே நிச்சயமாம். நாம இன்னைக்கே நேரமே கிளம்பிப் போயிரலாம்."

சொன்ன நிமிஷத்தில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சிரித்த முகத்தோடு வண்டியில் ஏறுவாள், ஊர் எல்லையில் வைத்து அத்தாவுக்குச் சித்த சுகமில்லை என்று மெல்ல ஆரம்பிக்கலாம். ஆனால் ஹுமேரா சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கூடப் பொறந்தவன். அம்மா இல்லாத ஊட்டுல அவனுக்குத் தலை வாரி விட்டவ நானு. பொண்ணு பார்க்கப் போறப்ப எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. நிச்சயத்துக்கு மட்டும் நான் வயித்தைத் தூக்கிட்டு ஓடோணுமா? டாக்டரைக் கேப்போம். போலாம்னு சொன்னாப் பார்க்கலாம். வேண்டாம்னா நான் வரல."

அதனால்தான் கிளினிக். டாக்டரம்மா வாயிலிருந்து "போலாம்" என்று ஒரு சொல் வந்தால் மகள் தகப்பன் முகத்தைப் பார்ப்பாள். வராவிட்டால் இல்லை. ரசாக் மவுத்தாகிவிட்டால், அடுத்த தொழுகைக்குள் அடக்கத்துக்கு எடுத்துவிடுவார்கள். யாருக்காகவும் ரொம்ப நேரம் வைத்திருக்கும் வழக்கம் அவர்களில் கிடையாது.

"என்ற போன் எங்கீங்க மாமி? அத்தாவுக்கு அடிச்சுப் பார்க்கறேன். இந்நேரம் கேரளாவுல இருந்து வந்திருப்பாரு."

"இல்யாஸ் சார்ஜ் போட்டிருக்கான், வண்டியில."

"சரி, உங்க போனைக் குடுங்க."

"ஹுமேரா யாருங்க, உள்ள வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டது அந்த நேரத்தில் பெரிய உபகாரம்.

டாக்டர் லோகப்பிரியா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "அடுத்த வாரம்தானே வரச் சொன்னேன்? என்னாச்சு? வலி ஏதாவது? ரத்தம் பட்டுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா" என்று சாயிரா பானு முந்திக்கொண்டாள். "ஒரு சங்கதி கேக்கோணுமுங்க. சத்தி வரைக்கும் போலாமுங்களா?"

"யாரு, நீங்களா?"

"இவதானுங்க. இவ அத்தா ஊடு அங்கதானுங்க. பக்கம்தானுங்க. அன்னூர் தாண்டினாப் புளியம்பட்டி, புளியம்பட்டி தாண்டினாச் சத்தி."

"நான் பவானிசாகரே போயிருக்கேன்மா. எவ்வளவு பக்கம்னு எனக்குத் தெரியும்."

"பெரிய வண்டிங்க. ஏசி இருக்குதுங்க. பின்னால படுத்துட்டே போயிரலாம்."

"வண்டியைப் பத்தி நான் கேட்கலையே. எதுக்குப் போகணும்?"

சாயிரா பானு மருமகளைப் பார்த்தாள். மருமகள் டாக்டரைப் பார்த்தாள்.

"என்ற தம்பிக்கு நிச்சயமாமுங்க" என்றாள் ஹுமேரா. "எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியுமுங்க. பேப்பர்ல போட்டிருந்தா இன்னும் நேரமே தெரிஞ்சிருக்கும்."

"நிச்சயத்துக்கா?" டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வேண்டாம்மா. எட்டாம் மாசம், ஒரு தடவை ரத்தம் பட்டிருக்கு, நஞ்சு எங்க இருக்குன்னு இன்னும் பார்க்கல. வீட்டுல இருந்து வீடியோ கால்ல பாருங்க. கல்யாணத்துக்குக் குழந்தையைத் தூக்கிட்டுப் போங்க."

"நானும் அதைத்தானுங்க சொன்னேன்" என்று ஹுமேரா மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் ஜெயித்த சிரிப்பு இருந்தது.

"இல்லீங்க டாக்டரம்மா. கட்டாயம் போகோணுமுங்க."

"நிச்சயம் தம்பிக்குத்தானே? இவங்க இல்லாமலே நடக்கும்."

"நடக்குமுங்க. ஆனா..."

"ஆனா என்னங்கம்மா?"

மருமகளை வைத்துக்கொண்டு சாயிரா பானு அதற்கு மேல் சொல்ல முடியாது. இப்படியே எழுந்து வெளியே போனால் எல்லாம் முடிந்தது. வீட்டுக்குப் போய் மருமகள் தட்டில் சோறு போடுவாள், அவளும் தம்பியைத் திட்டிக்கொண்டே தின்பாள், அங்கே அவள் பேரைச் சொல்லிச் சொல்லி ஒரு மனுஷன் அடங்கிப் போவார்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "எப்படியும் வந்தாச்சு, ஸ்கேன் பார்த்துடலாம். ஹுமேராவை உள்ள படுக்க வைங்க, நான் வரேன்" என்றார். "அம்மா, நீங்க இங்கயே உட்காருங்க."

பக்கத்து அறைக் கதவு சாத்தியதும் கேட்டார்: "இப்போ சொல்லுங்க. எதுக்குப் போகணும்?"

"நிச்சயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லும்போதே சாயிரா பானுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயில் முக்காட்டை அடைத்துக்கொண்டு, பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இவங்களுக்கு எதுவுமே தெரியாதா?"

"தெரியாதுங்க. நீங்கதானுங்க சொன்னீங்க, அதிர்ச்சி ஆகக்கூடாதுன்னு."

"சொன்னேன்தான்" என்றார் டாக்டர். "எல்லாருக்கும் சொல்றதுதான். அதை இப்படி எடுத்துக்குவாங்கன்னு நான் யோசிச்சதில்ல."

"இப்பப் போலாமுங்களா? அதைச் சொல்லுங்க. நேரம் போகுதுங்க."

"ஸ்கேன் பார்த்துட்டுச் சொல்றேன். ஆனா ஸ்கேன் நல்லா இருந்தாலும், விஷயம் தெரியாம நான் அவங்களை அனுப்ப மாட்டேன்."

"அங்க போயி மெதுவாச் சொல்லிக்கலாமுங்க."

"அங்க போய் எப்படிம்மா மெதுவா? வாசல்ல செருப்பா கிடக்கும். உள்ள ஓதற சத்தம் கேட்கும். அதுக்கு மேல அவங்களுக்கு யாராவது சொல்லணுமா? இல்லேன்னா பாதி வழியில போன் வரும். வண்டி ஓட்டற உங்க மகன் அழுவாரு. அன்னூரைத் தாண்டி நடு ரோட்டுல வயிறு இறுகிச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? தெரியறது இங்க தெரியட்டும். இங்க நான் இருக்கேன்."

"அப்ப நீங்களே சொல்லிருங்க. நீங்க சொன்னாத் தாங்கிக்குவா."

"நான் சொன்னா அதுக்கப்புறம் உங்களை எப்படி நம்புவாங்க?" என்று கேட்டுவிட்டு டாக்டர் ஸ்கேன் அறைக்குள் போனார்.

கதவைத் திறந்துகொண்டு சாயிரா பானுவின் மகன் இல்யாஸ் வந்தான். உக்கடத்தில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன், சத்தமாகத்தான் பேசிப் பழக்கம். இப்போது காற்று மாதிரி பேசினான்.

"ம்மா, சுஃப்யான் மறுபடி கூப்பிட்டான். மூச்சு இழுக்குதாம். டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஹுமேராகிட்டச் சொல்லிட்டுத்தான் போகோணுங்கறாங்க."

"அதெல்லாம் வேண்டாம். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா? ரெண்டு உசுரும்மா. பேசாம போகவே வேண்டாம். நான் மட்டும் போயி மண்ணு போட்டுட்டு வந்தர்றேன். குழந்தை பொறந்ததும் சொல்லிக்கலாம்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் கேரளாவுலயே இருக்கட்டும்."

"ரெண்டு மாசமாவா?"

"எத்தனை ஊட்டுல அப்படிச் செய்யறாங்க. நம்ம சொந்தத்துலயே ஃபஹீமா சச்சி ஊட்டுல செய்யலையா?"

"செஞ்சாங்க. அவ மருமக இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறாளா, நீ பார்த்தியா?" சாயிரா பானுவின் குரல் கொஞ்சம் உயர்ந்து மறுபடி தாழ்ந்தது. "தெனமும் என்ற கூட ஒட்டுக்கா உக்காந்து சோறு தின்னீங்களே மாமின்னு நாளைக்கு அவ கேட்டா, நீயா பதில் சொல்லுவே?"

இல்யாஸ் வாயைத் திறந்தான். அதற்குள் ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. ஹுமேரா முக்காட்டைச் சரி செய்தபடி வந்தாள்.

"நல்லா உதைக்குதாமுங்க மாமி. டாக்டரே சிரிச்சுப்போட்டாங்க." பிறகு கணவனைப் பார்த்தாள். "நீங்க எதுக்கு உள்ள வந்தீங்க? என்றகூட உள்ள வரச் சொன்னா கூச்சமா இருக்கும்பீங்க."

"சும்மாதான்."

டாக்டர் அவளை உட்கார வைத்தார். "நஞ்சு மேல ஏறியிருக்கு. ரொம்ப மேலன்னு சொல்ல மாட்டேன். ஆனா கர்ப்பப்பை வாயை விட்டு விலகியிருக்கு. அது நல்ல விஷயம்." ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவள் கையில் சுற்றியபடியே, குரல் மாறாமல் சொன்னார்: "உங்க மாமிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

இல்யாஸ் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் வேண்டாம் என்று. சாயிரா பானு அவன் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியை இழுத்து மருமகளுக்கு எதிரில் போட்டுக்கொண்டாள்.

"ஹுமேரா, நிச்சயம் இல்ல கண்ணு."

"ஏனுங்க, நின்னுபோச்சுங்களா?"

"இருந்தாத்தான நிக்கறதுக்கு. காலையில நான் சொன்னது பொய்யி."

ஹுமேரா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மாமியாரைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், கையில் சுற்றியிருந்த பட்டையைப் பார்த்தாள்.

"அத்தாவா?"

"ம்."

"கேரளாவுக்குப் போகலையா அத்தா?"

"போகல கண்ணு. நெஞ்சு வலி. போன வாரமே ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. நேத்து ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"இருக்காரா?"

"இருக்காரு. உன்ற பேரைத்தான் சொல்லிட்டிருக்காரு. ஆனா நேரமில்ல."

ஹுமேரா கேட்டது யாரும் நினைக்காத ஒன்று.

"அப்ப அந்த ஷைமா?"

"அப்படி யாருமில்ல கண்ணு."

"பி.ஃபார்ம்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அவள் முகம் அப்போதுதான் கலைந்தது. சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கிக் குலுங்கி நின்றது. பட்டை சுற்றாத கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். சாயிரா பானு அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். ஹுமேரா கையை இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் தெரியும்?" என்று இல்யாஸைக் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் கேரளா."

டாக்டர் பட்டையின் பம்பை அழுத்தினார். முள் ஏறி இறங்கியது. "கொஞ்சம் கூடியிருக்கு. கூடத்தான் செய்யும். தண்ணி குடிங்க. மறுபடி பார்க்கலாம்."

தண்ணீர் குடித்தாள். மறுபடி பார்த்தபோது அழுத்தம் இறங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹுமேரா நிமிர்ந்தாள்.

"டாக்டர், இப்ப நான் கேக்கறனுங்க. சத்தி வரைக்கும் போலாமுங்களா?"

"நிச்சயத்துக்கு வேண்டாம்னு சொன்னேன். உடம்பு அதே உடம்புதான். ஆபத்தே இல்லைன்னு நான் சொன்னா அது பொய். ஆனா நஞ்சு விலகியிருக்கு, இப்போ வலி இல்ல, ரத்தம் இல்ல. போகணும்னு நீங்க சொன்னா, போற மாதிரி போகலாம்."

"போகோணுமுங்க."

"அப்போ கேளுங்க. நீங்களும் கேளுங்க சார், வண்டி ஓட்டறது நீங்கதானே. பெல்ட்டை வயித்துக்குக் கீழ போடணும், மேல போடக்கூடாது. எவ்வளவு அவசரமா இருந்தாலும் வழியில நிறுத்தி, இறங்கி நடக்கணும். தண்ணி குடிச்சுட்டே இருக்கணும். வயிறு இறுகினா வண்டியை நிறுத்திட்டு இடது பக்கமாச் சாஞ்சு படுக்கணும். விட்டுடுச்சுன்னாப் போகலாம். விட்டு விட்டு வந்தாலோ, ஒரு சொட்டு ரத்தம் பட்டாலோ, நீர் கசிஞ்சாலோ, சத்திக்கும் போகக்கூடாது, இங்கயும் திரும்பக்கூடாது. எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்க. ஃபைல் கையில இருக்கட்டும். சத்தியில என்கூடப் படிச்ச டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க, நான் சொல்லி வைக்கிறேன். அங்க போய்த் தரையில கூட்டத்துல உட்காரக்கூடாது. பட்டினி கிடக்கக்கூடாது. அழுகை வந்தா அழுங்க, அடக்க வேண்டாம். இன்னைக்கே திரும்பி வர வேண்டாம்."

எழுந்தபோது டாக்டர் ஹுமேராவின் தோளை ஒரு தரம் தட்டிக்கொடுத்தார்.

வண்டியில் பின்னால் ஹுமேராவும் சாயிரா பானுவும். காந்திபுரம், கணபதி, சரவணம்பட்டி என்று வண்டி போனது. கோவில்பாளையம் தாண்டியதும் ஹுமேரா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"மாமி, இன்னும் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"என்னது கண்ணு?"

"எனக்குச் சொல்லாதது."

"இல்ல."

"அல்லா மேல ஆணையா?"

"அல்லா மேல ஆணையா இல்ல."

"என்ற போனைக் குடுக்கச் சொல்லுங்க."

இல்யாஸ் ஒரு கையால் போனைப் பின்னால் நீட்டினான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். யாருக்கும் அடிக்கவில்லை. அடிக்கப் பயமாக இருந்திருக்கும்.

அன்னூரில் நிறுத்தச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம்தான் ஹுமேரா, ஒரே மூச்சாப் போயிரலாம்" என்றான் இல்யாஸ்.

"டாக்டர் நிறுத்தச் சொன்னாங்க."

ஒரு பேக்கரி வாசலில் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவள் வயிற்றைப் பார்த்து வழி விட்டார்கள். நாலு எட்டு வைத்தவள் நின்றாள். பிடி இறுகியது.

"மாமி. வயிறு கல்லு மாதிரி ஆகுதுங்க."

இல்யாஸ் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று சாயிரா பானு அந்த ஒரு நொடி நினைத்தாள். வண்டியின் பின் சீட்டில் அவளை இடது பக்கமாகச் சாய்த்து, தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். இல்யாஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஓதுகிறானா பேசுகிறானா என்று தெரியவில்லை.

"வலிக்குதா?"

"வலி இல்லீங்க. இறுக்கம்தான்."

"ஈரம் ஏதாச்சும்?"

"பார்க்கோணுமுங்க."

பேக்கரிக்காரர் வீட்டுப் பெண் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். வெளியே நின்ற சாயிரா பானு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது.

"ஒண்ணுமில்லீங்க மாமி. இறுக்கமும் விட்டிருச்சு."

மறுபடி வருகிறதா என்று காத்திருந்தார்கள். வரவில்லை. வண்டி கிளம்பியபோது சாயிரா பானுவின் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். சுஃப்யான்.

எடுத்துப் பேசி, கேட்டதை மனசுக்குள் போட்டுக்கொண்டு, இவளுக்கு ஏற்ற மாதிரி ஒன்றைச் சொல்வதுதான் அவளுக்கு வாகான காரியம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதை அப்படியே ஹுமேராவின் கையில் வைத்தாள்.

"நீயே பேசு."

"தம்பி. நான்தான். தெரியும். எல்லாம் சொல்லிட்டாங்க." ஹுமேரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ம். ம். சரி, அழுவாத. போனை அத்தா காதுல வை. அத்தா, ஹுமேரா பேசறேன். அன்னூர் தாண்டிட்டேன். வாரேன். சித்த பொறுத்துக்குங்க."

போனை வைத்துவிட்டு, "கண்ணைத் தொறக்கறதில்லையாம்" என்றாள், இரண்டு பேருக்கும் பொதுவாக.

இல்யாஸ் மிதித்தான். புளியம்பட்டியில் வியாழக்கிழமைச் சந்தை. மாடு ஏற்றிய வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அவன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிர்ப் பக்கம் ஏறினான். எதிரில் பஸ் வந்தது. ஒடித்துத் திருப்பியதில் வண்டி குலுங்கியது. ஹுமேரா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தாள்.

"ஏனுங்க. மெதுவாப் போங்க."

"நேரமாச்சு ஹுமேரா. அத்தா..."

"என்ற அத்தாதானுங்க. எனக்குத் தெரியாதா? மெதுவாப் போங்க."

"போய்ச் சேர்றதுக்குள்ள..."

"ஆச்சுன்னா ஆகட்டும்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் கடித்துக்கொண்டாள். அதன் பிறகு சாயிரா பானு கையைப் பிடித்தபோது அவள் இழுத்துக்கொள்ளவில்லை. மாட்டு வேன்களின் பின்னாலேயே வண்டி ஊர்ந்தது. மருமகளின் அந்தப் பொறுமையை சாயிரா பானு தன் ஆயுசில் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

சத்தி வீட்டில் டாக்டர் சொன்ன மாதிரியே வாசல் முழுக்கச் செருப்பு. ஆனால் உள்ளே ஓதிக்கொண்டிருந்தது யாசீன். உயிர் இருக்கும்போது ஓதுவது. சுஃப்யான் ஓடி வந்தான். ஹுமேரா அவன் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே போனாள். யாரோ பாயை விரிக்க, சாயிரா பானு, "பாய் வேண்டாங்க, சேர் கொண்டாங்க" என்று வாங்கிப் போட்டாள்.

"அத்தா."

ரசாக் கண்ணைத் திறந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு அசைந்தது. ஹுமேரா குனிய முடிந்த வரைக்கும் குனிந்தாள்.

"இந்த நேரத்துல... எதுக்குக் கண்ணு வந்தே?"

"டாக்டரைக் கேட்டுட்டுத்தான் அத்தா வந்தேன்."

"மெதுவா வந்தியா?"

"மெதுவாத்தான் வந்தேன்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. கட்டிலின் பக்கத்தில் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், அவர் விரல் அவள் விரலுக்குள். வெயில் சாயும்போது, "நீ ஏதாச்சும் சாப்பிடோணும், டாக்டர் சொன்னாங்க" என்று சாயிரா பானு அவளை எழுப்பினாள். எழ மறுத்தவள் மாமியாரை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க இங்க இருங்க. எதுவானாலும் நீங்கதான் வந்து சொல்லோணும்."

"நான்தான் சொல்லுவேன்."

ஹுமேரா சமையலறையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு மூச்சு வந்தது, அடுத்தது வரவில்லை. கூடத்திலிருந்த ஆண்கள் வாய்க்குள் இன்னாலில்லாஹி சொன்னார்கள். சுஃப்யான் விம்ம, பெரியவர் ஒருவர் அவன் வாயைப் பொத்தினார். "சத்தம் போடாதீங்கப்பா. புள்ளத்தாச்சி உள்ள இருக்குது. சாப்பிட்டு முடிக்கட்டும். மெதுவாச் சொல்லிக்கலாம்."

எல்லோரும் சாயிரா பானுவைப் பார்த்தார்கள். இல்யாஸும் பார்த்தான்.

அவள் எழுந்து, ஆண்களைக் கடந்து, சமையலறைக்குப் போனாள். மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஹுமேரா" என்றாள். "அத்தா போயிட்டாரு கண்ணு. இப்பத்தான்."